கலரா, ஷைனிங்கா? மாதிரி விமான வாசகர் கேள்வி பதில்

மாதிரி விமானங்களுக்கு வண்ணம் பூசுவதில் உள்ள சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, "எந்த நம்பர் பெயிண்ட் வாங்குவது?" என்றுதான் கேட்கின்றன. நம்பர் சொல்வது சுலபம். ஆனால் நான் கார் பெயிண்டர் வீட்டுப் பிள்ளை. அப்பா கோவையில் பட்டறை வைத்திருந்தார், டூகோ என்ற பழைய கார் பெயிண்ட் காலத்து ஆள். அடிபட்ட வண்டி வந்தால் ஷேடு கார்டை உடனே எடுக்கமாட்டார். வண்டியை வெயிலுக்குத் தள்ளச் சொல்லி, பானெட்டைச் சாய்வாக ஓரக்கண்ணால் பார்ப்பார். எதிரே நிற்கும் வேப்பமரம் அதில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதுதான் அவருடைய முதல் கணக்கு. "கலர் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது. ஷைனிங் மாறினா குழந்தைகூடச் சொல்லிடும்" என்பார். முப்பது வருஷமாகச் சின்ன விமானங்களுக்குப் பூசுகிறேன். அதைத் தாண்டி பெரிதாக எதுவும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

சரி, கடிதங்களுக்குப் போவோம்.

கேள்வி: 1/72 அளவில் ஸ்பிட்ஃபயர் செய்கிறேன். அடிப்பக்கத்துக்கு 'ஸ்கை' நிறம், ஹம்ப்ரோல் கம்பெனியின் 90-ஆம் நம்பர் பெயிண்ட் என்று தாளில் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது தமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-21. அதன் பெயரும் ஸ்கைதான். ஆனால் நண்பனிடம் இருக்கும் ஹம்ப்ரோலோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறாக இருக்கின்றன. எது சரி அண்ணா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

தம்பி, என் கண்ணுக்கு எக்ஸ்எஃப்-21 கொஞ்சம் அழுத்தமான பச்சை. ஹம்ப்ரோல் 90 அதைவிட வெளிறியது, அசலுக்கு நெருக்கமானது. தமியாவில் கொஞ்சம் வெள்ளையும் ஒரு சொட்டு மஞ்சள் கலந்த பழுப்பும் சேர்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. 1940 கோடையில் ஸ்பிட்ஃபயர்களின் அடிப்பக்கத்தை ஸ்கை நிறத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தபோது, பல தளங்களில் அந்தப் பெயிண்டே கையிருப்பில் இல்லை. அதுவரை ஒரு இறக்கை அடியில் கறுப்பு, மறு இறக்கை அடியில் வெள்ளை என்று இருந்தது. புதுப் பெயிண்ட் வரும்வரை கையில் இருந்ததைக் கலந்து அடித்தார்கள். வெளிர்நீலம், வெளிர்பச்சை, இரண்டுக்கும் நடுவே என்று விதவிதமாக விமானங்கள் பறந்தன. அதனால் பிரிட்டன் போர்க்கால ஸ்பிட்ஃபயருக்கு உன் பச்சை தப்பு என்று யாரும் கோர்ட்டுக்குப் போகமுடியாது.

நீ கவனிக்கவேண்டியது வேறு. பழைய தாள்களில் 'ஸ்கை டைப் எஸ்' என்று பார்த்திருப்பாய். அந்த 'எஸ்' ஒரு நிறவகை என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது 'ஸ்மூத்' என்பதன் முதல் எழுத்து, அதாவது வழுவழுப்பான பூச்சு. சொரசொரப்பான பூச்சு காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும் என்பதால் நைசாக அரைத்த நிறமிகளோடு வந்த பெயிண்ட் அது. இரவு விமானங்களுக்கு 'ஸ்பெஷல் நைட்' என்று கரிப்பொடி பூசியது போன்ற ஒரு கறுப்பு அடித்துப் பார்த்தார்கள். சர்ச்லைட்டை விழுங்கும் என்று நம்பிக்கை. அது வேகத்தையும் சேர்த்து விழுங்கியது. பின்னால் வழுவழுப்பான கறுப்புக்கே திரும்பினார்கள். ஆக, போர்க்கால விமானம் என்றாலே சாக்பீஸ் போல மேட் அடிக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஸ்பிட்ஃபயரின் மேல் மிக லேசான ஒரு மினுக்கம் இருக்கலாம், முட்டை ஓட்டில் இருப்பது போல. கண்ணாடி மூடிக்கும் எஞ்சினுக்கும் அருகே ஆட்கள் ஏறி இறங்கித் தேய்ந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடலாம்.

பொம்மை மாதிரி தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறாய். மேலே மேட் பச்சை, மேட் பழுப்பு, அடியில் நீ கலந்த அரைப்பளபளப்பு ஸ்கை, டீக்கால் (நனைத்து ஒட்டும் சின்னமும் எழுத்தும்) மட்டும் கண்ணாடி மாதிரி. மூன்று பளபளப்பு ஒரே விமானத்தில் இருந்தால் பொம்மையாகத்தான் தெரியும். கடைசியில் ஒரே கிளியர் கோட்டை, அதாவது நிறமில்லாத மேல்பூச்சை, எல்லாவற்றின் மேலும் அடி, ஒன்றாகிவிடும்.

கேள்வி: அமெரிக்க விமானக் கிட்களில் 36375, 15042 என்று ஐந்து இலக்க எண் போடுகிறார்கள். அதற்கு என்ன அர்த்தம்? (காரைக்குடி)

அமெரிக்க அரசு வைத்திருந்த 'ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595' என்ற நிறப் பட்டியல் எண்கள் அவை. எனக்கு ரொம்பப் பிடித்த முறை, ஏனென்றால் முதல் இலக்கமே பளபளப்பைச் சொல்லிவிடுகிறது. 1 என்றால் கிளாஸ், அதாவது முழுப் பளபளப்பு, 2 என்றால் அரைப்பளபளப்பு, 3 என்றால் மேட், பளபளப்பே இல்லாதது. அப்பா பார்த்திருந்தால் கைகொடுத்திருப்பார். இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம்: 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல், 7 கறுப்பு வெள்ளை வகையறா. மீதி மூன்று, குடும்பத்துக்குள் அந்த ஷேடு எங்கே நிற்கிறது என்பதற்கு. பெரும்பாலும் எண் ஏற ஏற வெளிறும்.

அப்படியானால் 36375 மேட் சாம்பல். பல எஃப்-16களின் அடிப்பக்கத்தில் இருப்பது அதுதான். 15042 பளபளப்பான கருநீலம், 1944-க்குப் பிந்தைய கோர்சேர் போன்ற கடற்படை விமானங்களுக்கு. அதே நீலத்தின் மேட் பெயிண்டை வாங்கிவந்து, "நம்பர் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் படத்தில் இருப்பது போல இல்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. கடைசி நான்கு எண் சரி, முதல் எண் தப்பு. பாட்டிலை மாற்ற வேண்டாம், மேலே ஒரு கிளாஸ் கிளியர் அடித்தால் போதும். நீலம் சட்டென்று ஆழமாகிவிடும். மேட் பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் கருமையான நிறங்களில் ஒரு சாம்பல் படிந்தது போலத் தெரியும். கிளாஸ் அடித்ததும் அந்தச் சிதறல் போய்விடும். அதனால் நிறத்தைப் பெயிண்ட் காய்ந்ததும் முடிவு செய்யாதீர்கள். கிளியர் கோட் அடித்துக் காய்ந்த பிறகு பாருங்கள். நான் வெள்ளை ஐஸ்கிரீம் ஸ்பூன்களை டஜன் கணக்கில் வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு ஸ்பூன், அதில் பாதிக்கு மேட், பாதிக்கு கிளாஸ். பின்பக்கம் மார்க்கரில் விகிதம் எழுதிவிடுவேன். பேத்தி அவற்றை எடுத்துச் சொப்பு விளையாடுகிறாள், அது வேறு கதை.

ட்யூப்லைட்டில் பொருந்திய இரண்டு சாம்பல்கள் காலையில் ஜன்னலோரம் பொருந்தாமல் போகும், இதையும் சொல்லிவிடுகிறேன். வேறு வேறு நிறமிகளால் ஆன ஒரே நிறம், விளக்கு மாறினால் பிரிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, உங்கள் ஷோகேஸ் விளக்கில் ஒருமுறை பாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் ஷோகேஸையே நம்புங்கள், விமானம் வாழப்போவது அங்கேதான்.

கேள்வி: ஐப்பசி மழையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கிளியர் ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிடத்தில் விமானம் முழுக்கப் பால் கொட்டியது போல வெள்ளையாகிவிட்டது. இரண்டு மாத வேலை ஐயா. (பெரம்பூர், சென்னை)

கவலைப்படாதீர்கள், பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். லாக்கர் என்ற சீக்கிரம் காயும் பூச்சில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் அதிகம் இருந்தால், ஐஸ் வாட்டர் டம்ளர் வேர்ப்பது போல அந்தப் பரப்பில் நீர் படிகிறது. அந்த நீர் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டதுதான் நீங்கள் பார்க்கும் வெள்ளை. பட்டறைகளில் இதை 'பிளஷிங்' என்பார்கள். மழைக்காலத்தில் அப்பா மதியத்துக்கு முன் டூகோவைத் தொடவே மாட்டார்.

சரிசெய்வது இப்படி. வெயில் அடிக்கும் ஒரு நாள் வரட்டும். மெதுவாகக் காயும் தின்னர், அதாவது ரிடார்டர் கலந்தது, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போன்ற ஒன்றை ஏர்பிரஷ்ஷில் (காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் சின்னக் கருவி) ஊற்றி, கொஞ்சம் தூரத்திலிருந்து பனி விழுவது போல மெல்லிசாக அடியுங்கள். பூச்சு மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, வெள்ளை மறையும். நனையும் அளவுக்கு அடித்தால் டீக்கால் சுருங்கிவிடும், ஜாக்கிரதை.

ஆனால் நீங்கள் அடித்தது கிளாஸா, மேட்டா என்று எழுதவில்லை. மேட் என்றால் இன்னொரு காரணமும் இருக்கலாம். மேட் வார்னிஷில் ஒளியைச் சிதறடிக்க சிலிக்கா போன்ற நுண்பொடி கலந்திருக்கும், அது அடியில் தங்கிவிடும். டப்பாவைச் சரியாகக் குலுக்காமல் அடித்தாலோ, ஒரே இடத்தில் கனமாக அடித்தாலோ பொடி வெள்ளையாகப் பூத்துவிடும். இதற்குத் தின்னர் உதவாது. மேலே மெல்லிசாக ஒரு கிளாஸ் கோட் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். அப்புறம் புதிதாக மேட் அடிக்கலாம்.

கேள்வி: டீக்கால் ஒட்டிய இடத்தில், எழுத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு படலம் தெரிகிறது. (மதுரை)

மேட் பெயிண்ட் மேல் நேராக ஒட்டியிருக்கிறீர்கள். மேட் என்பது நுண்ணிய மேடுபள்ளம். பள்ளத்தில் காற்று சிக்கி மின்னுகிறது. அடுத்த விமானத்தில் முதலில் கிளாஸ் கோட், அப்புறம் டீக்கால், அப்புறம் உங்களுக்கு வேண்டிய மேட் அல்லது சாட்டின் (அரைப்பளபளப்பு). இந்த விமானத்துக்கு, படலத்தில் ஊசி நுனியால் சில துளைகள் போட்டு டீக்கால் இளக்கும் திரவத்தை ஒரு சொட்டு விடுங்கள். முழுதாகப் போகாவிட்டாலும் குறையும்.

கேள்வி: இந்திய விமானப்படையின் மிக்-21 செய்ய ஆசை. உருமறைப்பு வண்ணம் இல்லாத, பழைய வெற்று உலோகத் தோற்றம் வேண்டும். சில்வர் பெயிண்ட் அடித்துப் பார்த்தேன், எவர்சில்வர் பாத்திரத்துக்கும் தகர டப்பாவுக்கும் நடுவே ஏதோ ஒன்றாக வருகிறது. எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்தேன், அங்கே நிற்கும் விமானங்கள் எல்லாம் ஒரே மாதிரி பளபளக்கின்றன. (பெங்களூரு)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் செய்துகொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். 1963-ல் சண்டிகரில் 28-ஆம் ஸ்குவாட்ரனோடு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் விடைபெற்ற விமானம். செய்யவேண்டிய நேரம்தான்.

முதலில் அருங்காட்சியகம். வெயில் மழையில் நிற்கும் விமானத்துக்கு அவ்வப்போது மறுபூச்சு நடக்கும். அதன் நோக்கம் துருவும் அரிப்பும் வராமல் காப்பது, 1965-ல் அது எப்படி மின்னியது என்று காட்டுவது இல்லை. அங்கே போய் வடிவத்தைப் பாருங்கள், சக்கரக் குழியைப் பாருங்கள், பேனல் கோடுகளை எண்ணுங்கள். பளபளப்புக்கு அந்தக் காலத்துப் புகைப்படம்தான் சாட்சி. கறுப்புவெள்ளைப் படமாக இருந்தால் இன்னும் நல்லது, நிறம் குழப்பாமல் பளபளப்பு மட்டும் தெரியும்.

அடுத்தது, வெற்று உலோகம் ஒரே சில்வராக இருக்காது. ஒவ்வொரு தகடும் வேறு திசையில் உருட்டப்பட்டது, வேறு கலவை. வெளிச்சத்தில் ஒன்று வெளிறும், பக்கத்தில் இருப்பது கறுக்கும். எஞ்சின் வெப்பம் படும் வால் பகுதி மற்றதைவிட மங்கி, பழுப்பும் நீலமும் ஓடியிருக்கும். மூக்குக் கூம்பும் வாலின் நுனியும் உலோகமே இல்லை. உள்ளே ரேடாரும் ஏரியலும் இருப்பதால் அலை ஊடுருவும் பொருளால் ஆனவை, மேலே பூச்சு. பல படங்களில் அவை பச்சை. அந்தப் பச்சையைக் கிளாஸாக விட்டுவிடாதீர்கள். பக்கத்து உலோகம் மின்னவேண்டுமானால் பச்சை கொஞ்சம் அடங்கி இருக்கவேண்டும்.

உலோகமும் உலோகம் போன்ற பெயிண்டும் வேறு என்பதற்கு அமெரிக்க மஸ்டாங்கைப் போல நல்ல உதாரணம் கிடையாது. அதன் இறக்கை காற்று வழுக்கிச் செல்லும்படி வடிவமைக்கப்பட்டது. ஒரு ரிவெட் தலை துருத்தினாலும் கெட்டுவிடும். அதனால் தொழிற்சாலையிலேயே இறக்கையின் இணைப்புகளையும் ரிவெட்களையும் பட்டி வைத்து நிரப்பி, பிரைமர் அடித்து, தேய்த்து, மேலே அலுமினிய நிற லாக்கர் பூசினார்கள். உடல்பகுதி மட்டும் வெற்று உலோகம். எங்கள் பட்டறையில் அம்பாசிடருக்குச் செய்த அதே பட்டி வேலை! இது தெரியாமல் மஸ்டாங் முழுவதையும் ஒரே பளபளப்பில் செய்து, இறக்கையில் ரிவெட் வரிசைகளையும் கறுப்பு மையால் எடுத்துக்காட்டி, போட்டிக்கு வைத்தேன் ஒருமுறை. நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. இறக்கை மேல் விரலை வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

உங்கள் மிக்-21-க்கு நான் செய்வது இது. பிளாஸ்டிக்கை 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அப்புறம் பாலிஷ். வெள்ளிப் பூச்சு ஒரு கீறலையும் மன்னிக்காது, மேலே மறைக்கும் என்று நினைத்தால் அது எடுத்துக்காட்டும். பிறகு கிளாஸ் கறுப்பு, கண்ணாடி போல. ஒரு நாள் முழுக்கக் காயட்டும், முடிந்தால் இரண்டு நாள். அதன் மேல் ஆல்கிளாட் மாதிரி உலோக லாக்கரை 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மெல்லிசாக, கறுப்பு முழுதாக மறையும் முன்பே நிறுத்துங்கள். கறுப்பு அடியில் இருப்பதால்தான் ஆழம் வருகிறது. நேரடியாகச் சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் வருவதுதான் உங்கள் தகர டப்பா.

அப்புறம் ஏழெட்டுப் பேனல்களை மட்டும் மாஸ்கிங் டேப் போட்டு, வெளிர் அலுமினியமும் கருத்த அலுமினியமும் மாற்றி மாற்றி. எல்லாப் பேனலையும் மாற்றினால் சதுரங்கப் பலகை ஆகிவிடும். டேப்பை ஒட்டுவதற்கு முன் உள்ளங்கையில் இரண்டுமுறை ஒட்டி எடுங்கள், பசை குறையும், உரித்தால் வெள்ளி கூடவே வராது. கடைசியாக, முழு விமானத்துக்கும் கிளியர் கோட் அடிக்காதீர்கள். உலோகம் உடனே பெயிண்ட் ஆகிவிடும். டீக்கால் ஒட்டிய இடத்தில் மட்டும் தொட்டுக்கொள்ளலாம்.

இத்தனையும் வேண்டாம் என்று தோன்றினால் இன்னொரு வழி. 1971 போரின்போது மிக்-21கள் மேல் அவசரமாக உருமறைப்புப் பூசினார்கள், விமானத்துக்கு விமானம் மாறும். டிசம்பர் 14 அன்று டாக்கா கவர்னர் மாளிகையைத் தாக்கியவற்றில் மிக்-21கள் முக்கியமானவை. அதில் ஒன்றைச் செய்தால் கறுப்பு அடிப்பூச்சும் பாலிஷும் மிச்சம். ஆனால் நீங்கள் உலோகம்தான் செய்வீர்கள் என்று கையெழுத்திலேயே தெரிகிறது.

கேள்வி: 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு மேல் பறந்த ஜப்பானிய ஸீரோ ஒன்றையும், அதை எதிர்த்த ஹரிக்கேன் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க விரும்புகிறேன். ஸீரோவுக்கு வெள்ளையா, சாம்பலா, பச்சையா? ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொன்று போடுகிறார்கள். (கொழும்பு)

இந்த நிறத்துக்காக ஆர்வலர்கள் பல பத்தாண்டாகச் சண்டை போடுகிறார்கள். அந்தக் கால கட்டத்து விமானந்தாங்கிக் கப்பல் ஸீரோக்கள் முழுக்க ஒரே நிறம், எஞ்சின் மூடி மட்டும் நீலம் ஓடிய கறுப்பு. அந்த ஒரே நிறம் வெள்ளை இல்லை. சாம்பலில் பச்சையும் கொஞ்சம் மஞ்சள் பழுப்பும் கலந்தது. ஜப்பானியர் அந்தத் தோற்றத்தை 'அமே-இரோ' என்பதுண்டு. 'அமே' என்றால் அவர்கள் ஊர் மிட்டாய்ப் பாகு. நம்ம பாகு போல அடர்த்தியாக நினைத்துவிடாதீர்கள், சாம்பல் மேல் அந்தச் சாயல் மட்டும்தான். தமியா எக்ஸ்எஃப்-76 இதற்கென்றே வந்த சாம்பல்பச்சை. அதில் ஒரு துளி மஞ்சள் பழுப்பு சேர்த்தால் எனக்குத் திருப்தி.

ஆனால் அது 'எக்ஸ்எஃப்', அதாவது மேட். தமியாவில் 'எக்ஸ்' மட்டும் இருந்தால் கிளாஸ், 'எஃப்' சேர்ந்தால் மேட். உங்கள் ஸீரோ அப்படி இருக்கக்கூடாது. தொழிற்சாலையில் அடித்த பூச்சு, நன்றாகப் பராமரித்த விமானங்கள், நல்ல மினுக்கம் இருந்தது. எக்ஸ்-22 கிளியரில் பத்தில் ஒரு பங்கு எக்ஸ்-21 ஃபிளாட் பேஸ் (பளபளப்பைக் குறைக்கும் கலவை) கலந்து ஸ்பூனில் அடித்துப் பாருங்கள், வேண்டுமானால் கொஞ்சம் கூட்டுங்கள். அளவுக்கு மீறினால் மேலே பெரம்பூர்க்காரருக்கு வந்த வெள்ளை உங்களுக்கும் வரும். வாலிலும் இறக்கையிலும் அசையும் பாகங்கள் துணி போர்த்தியவை. அங்கே சாம்பல் கொஞ்சம் வேறு, மினுக்கமும் குறைவு. இந்த வித்தியாசத்தை லேசாகக் காட்டினால், பக்கத்தில் வந்து பார்ப்பவர் ஏன் என்று தெரியாமலே நின்று பார்ப்பார்.

பெயிண்ட் உரிந்து உலோகம் பல்லிளிக்கும் ஸீரோ படங்களைப் பார்த்து, பெயிண்ட் உரிந்தது போலக் காட்ட உப்பும் பஞ்சும் எடுத்துவிடாதீர்கள். அவை பெரும்பாலும் பிற்காலத்தில் தென்பசிபிக் தீவுகளின் தரைத்தளங்களில் பச்சை மேல்பூச்சு உரிந்தவை. கொழும்புக்கு வந்தவை அப்படி இல்லை.

ஹரிக்கேன்கள் இரத்மலானையிலிருந்தும், கொழும்பு ரேஸ்கோர்ஸை ஓடுபாதை ஆக்கிய தளத்திலிருந்தும் எழுந்தன. ஹரிக்கேனின் முன்பாதி உலோகத் தகடு, பின்பாதி மரச்சட்டத்தின் மேல் துணி. ஒரே பச்சையும் பழுப்பும் முன்னால் ஒரு மாதிரி, பின்னால் ஒரு மாதிரி தெரியும். பின்பாதியை ஒரு படி மங்கலாக விடுங்கள். ஒன்று மினுங்கி, ஒன்று அடங்கி, இரண்டும் பக்கத்தில் நிற்கும்போது அந்தக் காலைப்பொழுது தெரியும். முடிந்ததும் ஒரு படம் அனுப்பிவையுங்கள், ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: அசல் நிறத்தையே அடித்தால் சின்ன மாடலில் கருத்துத் தெரியும், வெள்ளை சேர்க்கவேண்டும் என்கிறார்களே, எவ்வளவு? (பல்லடம்)

1/48-க்குப் பத்து சதவீதம், 1/72-க்குப் பதினைந்து சதவீதம் என்று ஒரு பழைய கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. காரணம் இதுதான்: 1/72 விமானத்தை ஒரு அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, அசலை ஏறத்தாழ இருபத்திரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். நடுவே உள்ள காற்று நிறத்தை வெளிறச் செய்யும் என்பது அவர்கள் வாதம். நீங்கள் பல்லடம், நான் கோவை, இருவருக்கும் நடுவே சூலூர் விமானப்படைத் தளம். தேஜஸ் போர்விமானம் மேலே போகும்போது அதன் சாம்பல் எப்படித் தெரிகிறது என்று உங்களுக்கே தெரியும். மதியத்தில் ஒரு சாம்பல், மாலையில் வேறு சாம்பல், மேகம் பின்னால் இருந்தால் கறுப்பு.

நான் அளந்து சேர்ப்பதில்லை. வெள்ளை சேர்த்தால் சிவப்பு ரோஸ் ஆகும், ஆலிவ் பச்சை புதினாச் சட்னி ஆகும். பச்சைக்கு மஞ்சள் பழுப்பும், நீலத்துக்கு வெளிர்சாம்பலும் சேர்ப்பேன். அதைவிட முக்கியமாக, பளபளப்பையும் அதே கணக்கில் குறைக்கவேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. தூரத்தில் பார்க்கும்போது கிளாஸ் விமானம் முழுக்கக் கண்ணாடியாகத் தெரியாது, முதுகில் ஒரு கோடு மட்டும் மின்னும். சூர்யகிரண் குழுவின் சிவப்புவெள்ளை ஹாக் விமானத்தைக்கூட 1/72-ல் நான் முழு கிளாஸில் விடமாட்டேன். சாட்டினுக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துவேன்.

கேள்வி: பறக்கும் ரிமோட் விமானத்தைத் தெர்மாகோலில் செய்தேன். ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே அடித்ததும் இறக்கை உருகி ஓட்டையாகிவிட்டது. (ஈரோடு)

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். பதினான்கு வயதில் அப்பாவின் டூகோ டப்பாவைத் திருட்டுத்தனமாக எடுத்து என் முதல் பிளாஸ்டிக் விமானத்துக்கு அடித்தவன் நான். இறக்கை வெந்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. தெர்மாகோலும் அந்த பிளாஸ்டிக்கும் ஒரே பாலிஸ்டைரீன் குடும்பம்தான், வலுவான தின்னர் இரண்டையும் கரைக்கும். தெர்மாகோலில் கிட்டத்தட்ட எல்லாமே காற்று என்பதால் கண்ணெதிரே மறையும்.

தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு கோட் பூசிக் காயவிடுங்கள், அதன் மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக். எடையைக் கவனியுங்கள், வால்பக்கம் ஒரு கோட் அதிகமானால் மூக்கில் ஈயம் வைக்கவேண்டி வரும். பறக்கும் விமானத்துக்குப் பளபளப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அடிப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் எதிரெதிர் நிறமாக அடியுங்கள், தலைகீழாகப் பறக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

கேள்வி: எனாமல் அடித்த விமானத்தின் மேல் லாக்கர் கிளியர் அடிக்கலாமா? (நாகர்கோவில்)

வேண்டாம். எனாமல் காற்றோடு சேர்ந்து மெதுவாக இறுகுவது. தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே வாரக்கணக்கில் பச்சையாக இருக்கும். மேலே லாக்கர் விழுந்தால் சுருங்கித் தோல் உரியும். லாக்கர் அடியில், அக்ரிலிக் நடுவில், எனாமல் மேலே என்ற வரிசை பாதுகாப்பானது.

கேள்வி: முடித்த மாடலைத் தவறவிட்டேன், இறக்கை நுனியில் பெயிண்ட் போய்விட்டது. அதே பாட்டிலை எடுத்துத் தொட்டால் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. (சேலம்)

அதே பாட்டில்தான், ஆனால் அன்று ஏர்பிரஷ், இன்று தூரிகை. அன்று மேலே கிளியர், இன்று இல்லை. நிறம் மாறவில்லை, மினுக்கம்தான் மாறியிருக்கிறது. போன இடத்தை மட்டும் தொட்டு நிறுத்தாதீர்கள். நுனியிலிருந்து அடுத்த பேனல் கோடு வரை மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும்படி அடியுங்கள். பிறகு அந்த இறக்கை முழுவதற்கும், மேல்பக்கம் மட்டும், ஒரே கிளியர். பட்டறையில் ஒரு கதவுக்கு வேலை என்றால் அப்பா பக்கத்து ஃபெண்டரிலும் பாதிவரை இழுத்துவிடுவார். கூலி ஒரு கதவுக்குத்தான் வாங்குவார்.

கேள்வி: வீட்டில் தின்னர் வாசனைக்குத் திட்டு விழுகிறது. முகக்கவசம் போட்டால் போதுமா? (திருச்சி)

துணிக் கவசமும் கோவிட் காலத்துக் கவசமும் தூசியைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிமப்பொருள் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட கவசம் வாங்குங்கள். வீட்டில் திட்டுபவர் சொல்வது சரி. மொட்டைமாடிக்குப் போங்கள்.